வல்லாரையில் பொலிபீனோல் அளப்பது எப்படி? மலையகத்திலிருந்து ஆய்வுகூடம் போகிறவர்களுக்கு

பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் "மூலிகைச் சாற்றின் ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றல்" என்று ஒரு தலைப்பை வாங்கிக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். இலைக்கஞ்சிப் பொடி, மூலிகைப் பானம் என்று சிறுதொழில் தொடங்கி, "இதில் சத்து எவ்வளவு இருக்கிறது?" என்று வாங்குபவர் கேட்டதும் முழிப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

சோதனை முறைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றை எழுதியவர்கள் 25 பாகை அறையில், காய்ந்த காற்றில், மின்சாரம் போகாத ஊரில் வேலை செய்கிறவர்கள். மார்கழிப் பனியில் நுவரெலியாவிலோ ஆடி மழையில் ஹட்டனிலோ அதே வரிகளை அப்படியே பின்பற்றினால் ஏதோ ஒரு எண் கிடைக்கும், அதை நம்ப முடியாது. நான் பட்ட பாட்டில் இரசாயனத்தின் பங்கு கால்வாசிகூட இல்லை. ஈரம், குளிர், கடிதம், அலகு, இந்த நாலும்தான் மாதங்களைத் தின்றன.

எடுத்துக்காட்டாக வல்லாரையை வைத்துக்கொள்கிறேன். நெல்லி, ஆவாரை, துளசி எதுவானாலும் பாதை இதுதான். எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. எதை அளக்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

மூன்று வேறு வேலைகளை எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மொத்தப் பொலிபீனோல் (ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் தாவரச் சேர்மங்கள்) எவ்வளவு என்பது ஒன்று. அதற்குப் போலின்-சியோகால்ட்டு முறை, அதாவது பீனோலோடு தாக்கி நீலமாகும் போலின் கரைசலைக் கொண்டு அளப்பது. சாறு எவ்வளவு வலுவாகத் தனியுறுப்புகளை (ஒட்சியேற்றத்தைத் தூண்டும் நிலையற்ற மூலக்கூறுகளை) அடக்குகிறது என்பது இன்னொன்று. அதற்கு டிபிபிஎச், ஏபிடிஎஸ், எஃப்ஆர்ஏபி போன்ற நிறமாற்றச் சோதனைகள். எந்தெந்தப் பொலிபீனோல் இருக்கிறது என்பது மூன்றாவது. அதற்குச் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி வேண்டும், காசும் வேண்டும். இளமாணி ஆய்வுக்கு முதல் இரண்டும் தாராளமாகப் போதும்.

வல்லாரையை எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் பெயர்பெற்ற சேர்மங்களான ஏசியாட்டிகோசைட்டும் மடிகாசோசைட்டும் பொலிபீனோல் இல்லை. அவை டிரைடர்பீன் வகை. போலின் சோதனையில் வரும் எண்ணைக் காட்டி "ஏசியாட்டிகோசைட் இவ்வளவு" என்று எழுதினால் பரீட்சகர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். வல்லாரையின் பொலிபீனோல் என்றால் குளோரோஜெனிக் அமில வகைகள், குவர்செட்டின், கெம்ஃபெரோல் சார்ந்த ஃபிளேவனொய்டுகள்.

2. கடிதங்கள்: செடியைத் தொடும் முன்பே

இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஆய்வுகூட வேலையைவிட இதற்குத்தான் கூடுதல் காலம் போகும்.

மேற்பார்வையாளரிடம் கையொப்பமும் திணைக்கள முத்திரையும் உள்ள ஒரு பொதுக் கடிதம் வாங்குங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், செடியின் தாவரவியல் பெயர், எடுக்கப்போகும் அளவு, இடம், மாதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "சில மூலிகைகள்" என்று மொட்டையாக எழுதிய கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். ஐந்தாறு மூலப் பிரதிகள் எடுத்து வையுங்கள். நிழற்பிரதியை ஏற்காத கருமபீடங்கள் உண்டு.

தேயிலைத் தோட்டத்துக்குள் பறிப்பதானால் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாம் பிறந்து வளர்ந்த தோட்டமாக இருந்தாலும் சரி. கையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த மலைக்குக் கடைசியாகக் களைநாசினி அடித்தது எப்போது? அந்தத் திகதி உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

ஒதுக்கக் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம், ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் ஓர் இலை கிள்ளினாலும் குற்றம்தான். வல்லாரைக்காக அங்கே போக வேண்டிய தேவையே இல்லை. பீலிக்கரையிலும் கான் ஓரத்திலும் கிடைக்கிற செடிக்குக் காட்டு அனுமதி கேட்டு யாரும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

"சென்னையில் எனக்குத் தெரிந்த ஒருவர் எச்பிஎல்சி செய்து தருவார், பொடியைக் கூரியரில் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். தாவர மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்ப வேறு அனுமதிகள் வேண்டும். பல்கலைக்கழகம் வழியாக அல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

3. செடி அதுதானா என்று எழுத்தில் வாங்குங்கள்

வல்லாரையைத் தெரியாத தமிழர் யார் என்று கேட்கத் தோன்றும். ஈரப் பாங்கான இடங்களில் ஹைட்ரோகோட்டைல் இனச் செடிகளும் அதே வட்ட இலையோடு, அதே படர்கொடியோடு பக்கத்திலேயே வளர்கின்றன. சம்பலுக்குக் கலந்தால் நாக்கு பொறுத்துக்கொள்ளும். ஆய்வறிக்கைக்கு அது பொறுக்காது.

பேராதனைத் தாவரவியற் பூங்காவில் தேசிய ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) இருக்கிறது. அங்கே சரிபார்க்க வேர், தண்டு, இலை, கூடுமானால் பூவோ காயோ உள்ள முழுச் செடியைப் பழைய பத்திரிகைத் தாளுக்கு இடையில் அழுத்தி உலர்த்திக் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் தாளை நாளுக்கு இரண்டு தரம் மாற்றாவிட்டால் செடி கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். சீட்டில் பறித்த திகதி, ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், வளர்ந்த சூழல், பறித்தவர் பெயர் ஆகியவை வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் மாதிரி இலக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் எந்த நல்ல சஞ்சிகையும் கட்டுரையை எடுக்காது. போகும் முன் தொலைபேசியில் கேட்டு நாளையும் கட்டணத்தையும் உறுதிசெய்யுங்கள். போயா நாளென்று மறந்து ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் நிறைய.

சந்தையில் கட்டாக வாங்கியும் செய்யலாம். ஆனால் எந்த ஊர்ச் செடி, என்ன மருந்து அடித்தது, எப்போது பறித்தது என்ற மூன்றுக்கும் பதில் இருக்காது. "சந்தையில் கிடைக்கும் வல்லாரை" என்பதே ஆய்வின் தலைப்பானால் பரவாயில்லை.

4. பறித்தலும் உலர்த்தலும்

எல்லாமே கெடுவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழுந்தைக் கசக்கிப் போட்டால் சற்று நேரத்தில் செம்பு நிறமாவதைத் தொழிற்சாலையில் பார்த்திருப்பீர்கள். இலைக்குள் இருக்கும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் பொலிபீனோலைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து மாற்றிவிடுகிறது. தேயிலைக்கு அது வேண்டும், அதற்காகவே உருட்டுகிறார்கள். உங்கள் வல்லாரைக்கு அது வேண்டவே வேண்டாம். ஆகவே பறித்ததிலிருந்து உலரும் வரை இலை நசுங்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, சூடேறக் கூடாது.

பொலித்தீன் பையில் அடைத்து முடிச்சுப் போட்டுப் பஸ்ஸில் தட்டுக்கு மேல் வைத்தால் நாவலப்பிட்டி வரும்போது பைக்குள் நீர்த்துளி கோத்திருக்கும், கம்பளை தாண்டும்போது இலை விளிம்பு பழுப்பாகியிருக்கும். ஈரமான பத்திரிகைத் தாளில் தளர்வாகச் சுற்றி, ஐஸ் வைத்த ரெஜிஃபோம் பெட்டியில் கொண்டுபோங்கள். ஐஸ் நேரடியாக இலையில் படக்கூடாது.

கழுவியதும் தண்ணீரை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, 40 பாகை செல்சியஸ் காற்றோட்ட ஓவனில் மெல்லிய படையாகப் பரப்புங்கள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். உறைநிலை உலர்த்தி கிடைத்தால் அதைவிடச் சிறப்பு எதுவும் இல்லை, ஆனால் வரிசை நீளம். நிழலில் உலர்த்துவது காய்ந்த மாதத்தில் சரி. மழை மாதத்தில் வீட்டுக்குள் போட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம் வாசம் வரும். ஓவனில் போட்ட இரவு மின்சாரம் போனால், அரை ஈரத்தில் இளஞ்சூட்டில் விடியும்வரை கிடந்த அந்தத் தொகுதியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதை வைத்துத் தொடர்ந்தால் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணிலும் சந்தேகம் இருக்கும்.

மலையகத்துக்கே உரிய இரண்டு பொறிகளைக் கேளுங்கள்.

ஒன்று, லயத்து அடுப்பங்கரை. விறகடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் மழையிலும் காயும் என்று வீட்டில் சொல்வார்கள். காயும்தான். ஆனால் விறகுப் புகையிலேயே பீனோல் வகைகள் இருக்கின்றன. அவை இலையில் படியும். போலின் கரைசலுக்கு இலைப் பீனோல், புகைப் பீனோல் என்ற பேதம் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும்.

இரண்டு, தேயிலைத் தொழிற்சாலை. "நம்ம டிரையர்ல போடுங்க, அரைமணியில் காய்ஞ்சிடும்" என்று அன்போடு சொல்வார்கள். அந்த டிரையரின் சூடு உங்கள் இலைக்கு மிக அதிகம். அதோடு அங்கே பறக்கும் தேயிலைத் தூசு பொலிபீனோல் செறிந்தது. ஒரு சிட்டிகை கலந்தாலே வல்லாரையின் எண் ஏறிவிடும். இதே காரணத்துக்காகத் தேயிலை அரைத்த கிரைண்டரிலும் பொடிக்காதீர்கள்.

பொடித்ததும் சல்லடையில் சலித்து, காற்றுப்புகாத கறுப்புப் போத்தலில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். எடுக்கும்போது போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த பொடியில் மூடுபனிக் காற்று பட்டால் கண்ணெதிரே கட்டி பிடிக்கும்.

ஒவ்வொரு தொகுதியிலும் 2 கிராம் அளவு தனியாக எடுத்து, 103 முதல் 105 பாகையில் நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி ஈரப்பதம் கணியுங்கள். அந்த 2 கிராமைச் சோதனைக்குத் திருப்பி எடுக்க முடியாது. அதனால் மீதியின் உண்மையான உலர்நிறை தெரிகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. இதைச் செய்யாமல் மழைக்காலப் பொடியையும் வெயில்காலப் பொடியையும் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது தண்ணீரைத்தான்.

5. சாறெடுத்தல்

எந்தக் கரைப்பான்? கேள்வியைப் பொறுத்தது. மக்கள் குடிக்கும் கஷாயத்தைப் பற்றிய ஆய்வானால் தண்ணீர். செடியில் உள்ளதை முடிந்தவரை வெளியே எடுக்க வேண்டுமானால் 70% மெதனோல். கடைசியில் உணவுப் பொருளாக்கும் எண்ணம் இருந்தால் எதனோல், மெதனோல் நஞ்சு. எதனோல் வாங்கக் கலால் திணைக்களத்தின் அனுமதி தேவை. அது நிறுவனத்தின் பெயரில்தான் நடக்கும், தனியாளாக அலையாதீர்கள். டானின் மிகுந்த நெல்லி போன்றவற்றுக்கு 70% அசெற்றோன் நன்றாக இழுக்கும். ஆனால் அசெற்றோன் பட்டால் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக் குவெட் (ஒளிமானிக்குள் வைக்கும் சிறு கலம்) மங்கிப்போகும், கண்ணாடி வேண்டும்.

1 கிராம் பொடிக்கு 20 மில்லிலீற்றர் 70% மெதனோல். ஒலியதிர்வுத் தொட்டியில் 30 நிமிடம், சூடேறாமல் பார்த்துக்கொண்டு. மையநீக்கியில் சுழற்றித் தெளிந்ததை ஊற்றி எடுங்கள். சக்கையை அதே கரைப்பானில், இம்முறை கொஞ்சம் குறைவாக, இன்னொரு முறை செய்து இரண்டையும் சேர்த்துச் சரியாக 50 மி.லீ. ஆக்குங்கள். ஒலியதிர்வுத் தொட்டி இல்லாவிட்டால் தேயிலைக்கென்று உள்ள ஐஎஸ்ஓ 14502-1 முறையில் போகலாம். 0.2 கிராம் பொடி, 70 பாகையில் 70% மெதனோல் 5 மி.லீ., 10 நிமிடம், இரண்டு தடவை, கடைசியில் 10 மி.லீ. ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தால் போதும். நம் பக்கத்தில் தேயிலை ஆய்வோடு பழகியவர்கள் அதிகம், சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும்.

கஷாயம் வைப்பவர்கள் "கொதிநீரில் 10 நிமிடம்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் செய்தவரின் எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போகாததற்குச் செடி காரணமாக இல்லாமலும் இருக்கலாம். வெப்பமானியை விட்டுப் பார்த்து, கண்ட சூட்டை எழுதுங்கள்.

தண்ணீர்ச் சாறு சீக்கிரம் கெடும். அன்றன்றே அளங்கள், இல்லாவிட்டால் உறையவைத்து உலர்த்துங்கள்.

6. பொருள் வாங்கல்: எங்கே செலவழிக்கலாம், எங்கே கூடாது

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்குச் சொல்லவில்லை. அளவுக் கணக்கைச் சொல்கிறேன், அதை வைத்து நீங்களே பேரம் பேசலாம்.

டிபிபிஎச் விலை கூடியது, ஆனால் தேவை துளி. 100 மி.லீ. வேலைக்கரைசலுக்கு 4 மில்லிகிராம்கூட முழுதாக வேண்டாம். 1 கிராம் வாங்கினால் 25 லீற்றர் வரும், 8,000 குழாய்க்கு மேல் போதும். எனவே வகுப்பில் நாலு பேர் சேர்ந்து 1 கிராம் வாங்குங்கள். போலின் கரைசல் 100 மி.லீ. போத்தல் ஒன்று சுமார் 200 குழாய்க்கு வரும். ஒரு இளமாணி ஆய்வுக்குத் தாங்கும். நிறம் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சை தட்டியிருந்தால் கெட்டது, வாங்காதீர்கள். போலின் சோதனைக்கு நியமமான காலிக் அமிலம் மலிவு. டிபிபிஎச்சுக்கு ஒப்பீட்டு நியமமான டிரொலொக்ஸ் விலை அதிகம். மேற்பார்வையாளர் வற்புறுத்தாவிட்டால் டிபிபிஎச் ஒப்பீட்டுக்கு அஸ்கோர்பிக் அமிலமே போதும்.

குவார்ட்ஸ் குவெட் வேண்டாம். டிபிபிஎச்சுக்கும் போலினுக்கும் வாசிக்கும் 517, 765 நானோமீற்றர் இரண்டுமே கண்ணாடியிலும் சாதாரண பிளாஸ்டிக்கிலும் ஊடுருவும். 280 போன்ற புறஊதா அலைநீளத்துக்குத்தான் குவார்ட்ஸ் தேவைப்படும்.

முகவர்கள் "இரண்டு வாரத்தில் வரும்" என்பார்கள். கையிருப்பில் இல்லாததென்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மாதங்கள் ஆகலாம். நான் கேட்டது ஒன்று, ஒரு விற்பனையாளர் அனுப்பியது ஒன்று. நீரற்ற காலிக் அமிலம் கேட்டேன், மொனோஹைட்ரேட் வந்தது. போத்தலைத் திறக்கும் முன் லேபலை முழுதாக வாசித்ததால் தப்பினேன். நீரற்றதன் மூலக்கூற்று நிறை 170.12, மொனோஹைட்ரேட்டினது 188.14. இதைக் கவனிக்காமல் நிறுத்தால் உங்கள் முடிவுகள் எல்லாம் சுமார் 10% கூட வரும். 100 மி.லீ. இல் 1,000 மைக்ரோகிராம்/மி.லீ. மூலக்கரைசல் வேண்டுமானால் நீரற்றதில் 100 மி.கி., மொனோஹைட்ரேட்டில் 110 மி.கி.

7. மொத்தப் பொலிபீனோல்

முதலில் நியமக் கரைசல்கள்: காலிக் அமிலம் 10, 20, 30, 40, 50 மைக்ரோகிராம்/மி.லீ. சாற்றை ஐதாக்கி, அதன் உறிஞ்சல் இந்த ஐந்துக்கும் இடையில் விழும்படி செய்யுங்கள். வெளியே விழுந்தால் கோட்டை நீட்டிக் கணிக்காதீர்கள், மறுபடி ஐதாக்குங்கள்.

குழாயில் 1 மி.லீ. மாதிரி. பத்து மடங்கு ஐதாக்கிய போலின் கரைசல் 5 மி.லீ. 3 நிமிடத்துக்குப் பிறகு, 8 நிமிடத்துக்குள், 7.5% சோடியம் காபனேற்று 4 மி.லீ. மூடிக் குலுக்கி 60 நிமிடம் விட்டு, ஒளிமானியில் 765 நானோமீற்றரில் உறிஞ்சலை வாசியுங்கள். மாதிரிக்குப் பதில் தண்ணீர் ஊற்றியது வெற்றுக் குழாய். கடும் பச்சைச் சாறானால், போலின் இல்லாமல் சாறும் காபனேற்றும் மட்டும் கலந்த நிறக்குழாய் ஒன்றும் வைத்து அதன் வாசிப்பைக் கழியுங்கள்.

இனி குளிர் விஷயம். முறைகளில் "அறை வெப்பநிலை" என்று இருக்கும். கண்டியில் மதியம் அது 28 பாகை, நுவரெலியாவில் காலையில் 15 பாகைக்குக் கீழ். நீல நிறம் ஊறும் வேகம் சூட்டைப் பொறுத்தது. குளிரில் 60 நிமிடத்தில் அது முழுதாக ஊறாது. காலையில் நியமமும் மதியத்தில் மாதிரியும் வாசித்தால் ஒரே நாளிலேயே இரண்டு வேறு சோதனை செய்ததாக ஆகிவிடும். வழி எளிது: எல்லாக் குழாய்களையும் 25 பாகைத் தண்ணீர்த் தொட்டியில் ஒன்றாக வையுங்கள். நியமமும் மாதிரியும் ஒரே தொகுதியில், ஒரு நிமிட இடைவெளியில் சேர்த்து, அதே வரிசையில் ஒரு நிமிட இடைவெளியில் வாசியுங்கள். ஒரு தொகுதிக்கு இருபது குழாய்க்கு மேல் எடுத்தால் கை தடுமாறும்.

சில பழைய முறைகளில் 20% சோடியம் காபனேற்று கேட்பார்கள். மலைக் குளிரில் அது இரவோடிரவாகப் போத்தலின் அடியில் பளிங்காகப் படிந்துவிடும். மேலே நிற்கும் கரைசல் 20% இல்லை. 7.5% முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லி, கொய்யா போன்ற பழம் எடுப்பவர்களுக்கு: விற்றமின் சீயும் சில வெல்லங்களும் போலின் கரைசலோடு தாக்கும். பிவிபிபி என்ற தூளோடு சாற்றைக் கலக்கிச் சுழற்றினால் பொலிபீனோல் அதில் ஒட்டிக்கொள்ளும். தெளிந்ததை அளந்து முதல் அளவிலிருந்து கழித்தால் உண்மைக்கு நெருங்கலாம். வல்லாரையில் இந்தத் தலையிடி குறைவு.

போலின் கழிவில் தங்குதன், மொலிப்டினம் உண்டு. தொட்டியில் ஊற்றாமல் கழிவுப் போத்தலில் சேருங்கள்.

8. டிபிபிஎச்

0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மி.லீ. மெதனோலில் 3.94 மி.கி. என்று எழுதியிருப்பார்கள். நான்கு தசமத் தராசில் 4 மி.கி. நிறுப்பது சூதாட்டம். 19.7 மி.கி. நிறுத்து 50 மி.லீ. இல் கரையுங்கள், பிறகு பத்து மடங்கு ஐதாக்குங்கள். அலுமினியத் தாள் சுற்றி வைத்து, அன்றைக்கே முடியுங்கள்.

1 மி.லீ. சாறு, 3 மி.லீ. டிபிபிஎச், இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீற்றர். சாறில்லாத கட்டுப்பாட்டுக் குழாய் 0.9 அளவில் காட்டும். மிகக் குறைவாகக் காட்டினால் டிபிபிஎச் பழையது. குழாய்களை மூடியே வையுங்கள், மெதனோல் ஆவியானால் வாசிப்பு ஏறும்.

கட்டுப்பாட்டிலிருந்து மாதிரியின் உறிஞ்சலைக் கழித்து, கட்டுப்பாட்டால் வகுத்து, நூறால் பெருக்கினால் அடக்கிய வீதம். குறைந்தது ஐந்து செறிவுகள், 50 வீதத்துக்கு மேலும் கீழும் விழும்படி. 50 வீதம் அடக்கும் செறிவுதான் ஐசி-50. அது சிறிதானால் சாறு வலியது. வைவாவில் பதற்றத்தில் தலைகீழாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னொன்று, 1 மி.லீ. சாறு 4 மி.லீ. ஆனதால் குழாய்க்குள் செறிவு கால்பங்கு. ஊற்றிய செறிவா குழாய்ச் செறிவா எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் ஐசி-50 நாலு மடங்கு பிசகும்.

ஒரே முறையை நம்பி எதுவும் முடிவு கட்ட வேண்டாம், இரண்டாவது ஒன்று சேருங்கள். ஏபிடிஎஸ் என்றால் முதல் நாள் மாலையே 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ்ஸை 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்பேற்றோடு கலந்து இருட்டில் 12 முதல் 16 மணிநேரம் வைக்க வேண்டும். மறுநாள் 734 நானோமீற்றரில் 0.70 வரும்படி ஐதாக்கிப் பாவிக்கலாம். எஃப்ஆர்ஏபி 593 நானோமீற்றர், அன்றே முடியும், ஆனால் 37 பாகை தேவை.

9. கணக்கும் அலகும்

ஓர் எடுத்துக்காட்டு. நியமக் கோட்டின் சமன்பாடு உறிஞ்சல் = 0.0105 × செறிவு + 0.01 என்று வந்தது. மாதிரி 0.430 காட்டியது. செறிவு 40 மைக்ரோகிராம்/மி.லீ. சாற்றைப் பத்து மடங்கு ஐதாக்கியதால் 400. மொத்தச் சாறு 50 மி.லீ. என்பதால் 20,000 மைக்ரோகிராம், அதாவது 20 மி.கி. எடுத்த பொடியின் உலர்நிறை 1 கிராம். விடை: உலர்நிறை ஒரு கிராமுக்கு 20 மி.கி. காலிக் அமிலச் சமவலு.

அதே சாற்றை ஆவியாக்கிக் காய்ந்த பிசினாக எடுத்தபோது 0.2 கிராம் கிடைத்தது என்று வைப்போம். பிசின் ஒரு கிராமுக்குச் சொன்னால் 100 மி.கி.! செடி ஒன்று, சோதனை ஒன்று, எண்கள் இரண்டு. இன்னொருவரின் கட்டுரையோடு ஒப்பிடும் முன் அவர் எதன் ஒரு கிராமைச் சொல்கிறார் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த, சிறுதொழில் நடத்தும் ஒருவருக்குக் கட்டணம் வாங்கிய ஆய்வுகூடம் ஒன்று "மொத்தப் பொலிபீனோல் 85" என்று மட்டும் அச்சடித்து அறிக்கை தந்தது. எதற்கு 85? கேட்க மறுபடி இரண்டு வாரம். பணம் கட்டும் முன்பே அலகு, முறை, ஈரப்பதம் கழித்ததா இல்லையா என்ற மூன்றையும் அறிக்கையில் போடுவார்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மூன்று தரம் என்பதற்கும் அர்த்தம் உண்டு. ஒரே சாற்றை மூன்று குழாயில் ஊற்றி வாசிப்பது உங்கள் பிப்பெட் கையைச் சோதிப்பது. பொடியை மூன்று தரம் தனித்தனியாக நிறுத்து மூன்று சாறு எடுங்கள், ஒவ்வொன்றையும் மூன்று குழாயில் வாசியுங்கள். நியம விலகல் கொஞ்சம் பெரிதாக வரும், பயப்பட வேண்டாம்.

10. எச்பிஎல்சி தேவையானால்

பேராதனைப் பல்கலைக்கழகம், ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் என்று கேட்டுப் பார்க்க மலையகத்திலேயே இடங்கள் உண்டு. கொழும்புப் பக்கம் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் கட்டணத்துக்குச் சோதனை செய்கிறது. மேற்பார்வையாளர் வழியாகவே கேளுங்கள்.

கருவிக் கட்டணத்தைவிட நியமப் பொருள்களின் விலைதான் கடிக்கும். குளோரோஜெனிக் அமிலம், குவர்செட்டின் என்று ஒவ்வொன்றும் மில்லிகிராம் கணக்கில் வரும். இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். சீ-18 நிரல், ஃபோமிக் அமிலம் கலந்த நீரும் அசெற்றோனைட்ரைலும், காலிக் வகைக்கு 280, குளோரோஜெனிக் வகைக்கு 325 பக்கம், ஃபிளேவனோலுக்கு 360. சாற்றை 0.45 மைக்ரோமீற்றர் வடியில் தள்ளாமல் யாரும் தங்கள் நிரலைத் தொட விடமாட்டார்கள். வடிகளை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

11. எந்த மாதத்தில் எது

ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே தை, மாசியில் பறியுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனி, ஆடி, ஆவணி காய்ந்த மாதங்கள். வருடக் கடைசியில் மழை. சித்திரைப் புத்தாண்டையொட்டி ஆய்வுகூடங்கள் ஒரு வாரமாவது ஓய்ந்துவிடும், டிசம்பர் கடைசியும் அப்படித்தான்.

கடிதங்களையும் பொருள் கட்டளையையும் ஒரே வாரத்தில் போடுங்கள். பொருள் வரும் இடைவெளியில் செடி பறித்து, அடையாளம் பெற்று, உலர்த்திப் பொடியாக்கி வைக்கலாம். சாறெடுப்பு, போலின், டிபிபிஎச் மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில் முடிக்கும்படி ஒளிமானியைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்யுங்கள். இன்று ஒரு நாள், அடுத்த வியாழன் ஒரு நாள் என்று பிரித்து வாங்கினால் சாறு அந்த இடைவெளியில் பழையதாகிவிடும். முதல் நாள் முழுவதையும் காலிக் அமிலக் கோட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கோடு நேராக வராமல் மாதிரிக்குப் போகாதீர்கள்.

மிஞ்சும் பொடியில் ஒரு 20 கிராமாவது திகதியும் தொகுதி இலக்கமும் எழுதி, வைவா முடிந்து திருத்தங்கள் ஒப்புக்கொள்ளப்படும் வரை உறைபெட்டியில் வையுங்கள். பரீட்சகர் "இந்த ஒரு எண்ணை மட்டும் திரும்பச் செய்து காட்டுங்கள்" என்று கேட்கும்போது பெரும்பாலும் வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.